பாலாற்றுக் கழியில் ஃபிளை தூண்டில்: புதிதாக வருகிறவர்களுக்கு

கல்பாக்கம் நகரியத்திலிருந்தும் புதுப்பட்டினத்திலிருந்தும், சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும், புது ராடும் ரீலுமாக வாயலூர் பாலத்தடிக்கு வரும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். பலர் கைபேசியில் ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். குளிர்நாட்டுச் சிற்றோடை ஒன்றில் முழங்கால் ஆழத்தில் ஒருவர் நிற்கிறார். இறகு கட்டிய சின்ன முள்ளை (அதுதான் ஃபிளை) நீள நூலால் சுழற்றி வீசுகிறார். புள்ளி போட்ட ட்ரவுட் மீன் துள்ளி வருகிறது. "இதை இங்கே செய்ய முடியுமா சார்?" என்று கேட்கிறார்கள்.

ட்ரவுட் இங்கே வாழாது. அதற்குக் கோடையிலும் 20 டிகிரியை அதிகம் தாண்டாத ஓடுநீர் வேண்டும். ஆனால் அந்த முறையில் மீன் பிடிக்க இங்கே தாராளமாக முடியும். கொடுவா இருக்கிறது, மடவையும் கிழங்கானும் கீச்சானும் இருக்கின்றன. பாலாறு கடலில் சேரும் இடமும், சதுரங்கப்பட்டினத்துக்கு மேற்கே போகும் பக்கிங்காம் கால்வாயும், அவற்றுக்குள் கிளைவிடும் சிறு வாய்க்கால்களும் இந்தக் கலைக்கு ஏற்ற நீர்தான். கேட்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி வந்ததை இங்கே வரிசைப்படுத்தி வைக்கிறேன்.

1. முதல் நாள் தூண்டிலை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். கரையில் உட்கார்ந்து ஒரு முழு ஏற்றத்தையும் ஒரு முழு வற்றத்தையும் பாருங்கள்.

மலை ஓடையில் மீன் பிடிப்பவருக்கு ஒரு வசதி உண்டு. அங்கே தண்ணீர் எந்நாளும் ஒரே திசையில் ஓடும். ட்ரவுட் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். ஓட்டம் அடித்துக்கொண்டு வரும் இரையை வாய் திறந்து வாங்கிக்கொள்ளும். ஆகவே அதன் பின்புறமாகப் போய், தலைக்கு மேல்பக்கத்தில் ஃபிளையை இறக்கி மிதந்து வரவிட்டால் போதும். கொடுவாவும் அப்படித்தான் நிற்கிறது. ஆனால் நம் கழியில் ஓட்டம் நாளொன்றுக்கு நான்கு முறை திரும்புகிறது. வற்றத்தின்போது மேற்கே பார்த்து நின்ற மீன், ஏற்றம் தொடங்கியதும் கிழக்கே திரும்பிவிடும். சில நேரம் பாலத்தூணின் ஒரு பக்கத்தை விட்டு மறுபக்கத்துக்கே போய்விடும். இந்தத் திருப்பத்தைக் கவனிக்காதவர், காலையில் மீன் கிடைத்த அதே இடத்தில் நண்பகல் வரை வீசிக்கொண்டிருப்பார். மீன் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

நம் கரையில் ஏற்ற வற்ற வித்தியாசம் பெரிதல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏறக்குறைய ஒரு மீட்டர். அட்டமி நவமியில் அதில் பாதிகூட இருக்காது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது பத்து மீட்டரைத் தொடுகிறது. ஆனாலும் குறுகிய முகத்துவாரத்தின் வழியே ஒரு மீட்டர் நீர் உள்ளே வந்து வெளியே போவதற்குள் கழியில் நல்ல இழுப்பு உண்டாகிவிடும். வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரில் திதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஏற்ற வற்ற நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். கடல் திரும்பிய உடனே கழி திரும்பிவிடாது. உள்ளே போகப் போகத் தாமதம் கூடும். அந்தத் தாமதம் எந்தப் பட்டியலிலும் இல்லை. முகத்துவாரத்தின் அகலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு மாறும். கரையில் ஒரு குச்சியை நட்டுவைத்து நீர்மட்டத்தைப் பார்ப்பதுதான் வழி.

2. ஏற்றமா, வற்றமா, எப்போது வீசுவது என்றால், வற்றத்தின் முதல் பாதிதான் என் பதில்.

ஏற்றத்தில் இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் சிறு வாய்க்கால்களுக்குள்ளும் கரையோரப் புல்லுக்குள்ளும் ஏறி மேய்கின்றன. நீர் இறங்கத் தொடங்கியதும் அவை திரும்பி வந்தாக வேண்டும். ஒவ்வொரு வாய்க்காலும் பெரிய நீரில் சேரும் வாயில், கலங்கலும் தெளிவும் உரசும் கோட்டில், கொடுவா காத்து நிற்கும். முழங்கால் ஆழம்கூட இல்லாத இடத்தில் கையளவுக் கொடுவா நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பெரிய நீரின் நடுவில் தொலைதூரம் வீசுவதில்தான் வீரம் என்று நினைக்க வேண்டாம். சிற்றோடைக்காரர்கள் இருபது முப்பது அடிக்குள் பிடிக்கிறார்கள். இங்கும் அந்தத் தூரம் போதும்.

3. முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலையருகே பிறந்து 348 கிலோமீட்டர் வருகிறது. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் ஓடும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்தால் கடல் கட்டிய மணல்திட்டு உடைந்து வாய் திறக்கும். மழை நின்ற சில மாதங்களில் அலைகள் மீண்டும் மணலைக் குவித்து மூடிவிடும். 2021 நவம்பரில் வந்த வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இந்த ஆறு இன்னும் சாகவில்லை என்பது தெரியும். வாய் மூடியிருக்கும் காலத்தில் கழியில் ஏற்ற வற்றம் படாது. மேலே சொன்ன இரண்டு பாடங்களும் அப்போது செல்லாது. வாய் திறந்திருக்கும் மாதங்களில், மழைக்கலங்கல் தெளிந்த பிறகு, தையிலும் மாசியிலும் வாருங்கள். இங்கே அதுவே நல்ல பருவம்.

மீன்பிடிப்பவனுக்கு மேலே உள்ள ஆறும் சொந்தக் கவலைதான். பாலாற்று மணல் அள்ளப்பட்டதால் ஆற்றுக்கு என்ன ஆனது என்பதைக் கரையோரக் கிணறுகள் உப்பானதை வைத்தே சொல்லலாம். உப்புநீர் மேலேறுவதைத் தடுக்க வாயலூரில் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். கிணறுகளுக்கு அது நல்லது. கடலுக்கும் நன்னீருக்கும் போய் வரும் மீனுக்கு எந்த அணையும் ஒரு சுவர்தான். இரண்டும் உண்மை, இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. வீசப் பழகுவதை ஏரியில் செய்யுங்கள்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏரிக்குப் பஞ்சமில்லை. காற்றில்லாத காலையில் ஊர் ஏரிக்கரையில் நின்று ஜிலேபிக் கெண்டைக்குச் சிறு ஃபிளை போடுங்கள். குத்தகைக்கு விட்ட ஏரியானால் குத்தகைதாரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இது புதிய யோசனையும் இல்லை. சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த எச்.எஸ். தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றிப் பெரிய நூல் ஒன்றை எழுதினார். பிறகு 1887இல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக இன்னொரு நூலும் எழுதினார். மகாசீர் மீனைத் தேடி மலைக்குப் போக முடியாதவர்களுக்கு அடுத்த தெருக் குளமே போதும் என்பதில் அவருக்கு நம்பிக்கை இருந்தது. எனக்கும் உண்டு.

ஃபிளை வீச்சில் ஈயக்குண்டு கிடையாது. இரைக்கு எடையே இல்லை. தடித்த நூலின் எடைதான் இரையைச் சுமந்து போகிறது. அதனால் பின்னுக்குச் சுழற்றியதும், நூல் பின்னால் முழுக்க நீளும்வரை பொறுக்க வேண்டும், பிறகுதான் முன்னுக்கு. புதியவர்கள் அந்தப் பொறுமையில்தான் தவறுகிறார்கள். நூல் சாட்டைபோலச் சொடுக்கும் ஓசை கேட்டால் அவசரப்பட்டுவிட்டீர்கள். கையால் வீசாமல் ராடை வளையவிடப் பழகுங்கள். கண்ணாடி போடாமல் ஒருபோதும் வீசாதீர்கள். முள் கண்ணுக்கு நேரே பறக்கிறது.

5. காற்றைப் பகை என்று நினைக்காமல் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

வெயில் மாதங்களில் விடியற்காலை கரைக்காற்று மேற்கிலிருந்து மெல்ல வரும். முற்பகலில் கடற்காற்று ஏறிவிடும். அதற்குப் பிறகு ஃபிளை நூல் உங்கள் பேச்சைக் கேட்காது. இருட்டு பிரியும்போது கரையில் இருங்கள், பத்து மணிக்குக் கட்டிக்கொண்டு கிளம்புங்கள். வாடைக்காற்று பலமாக அடிக்கும் நாளில் வீட்டில் உட்கார்ந்து ஃபிளை கட்டலாம்.

6. ஃபிளையை நீங்களே கட்டுங்கள்.

ட்ரவுட்டுக்கு ஓடையில் பொரித்துப் பறக்கும் பூச்சிகளைப்போல் கட்டுவார்கள். கொடுவா பூச்சிக்கு ஏறிவராது. அது தின்பது இறாலும் சிறுமீனும். ஆகவே இரண்டே வடிவம் போதும். ஒன்று, பழுப்பு நிறத்தில் விரல் நீளத்துக்கு ஓர் இறால். மற்றது, வெள்ளையும் வெளிறிய பச்சையுமாக ஒரு மடவைக் குஞ்சு. கறிக்கடையில் கேட்டால் சேவலின் கழுத்து இறகு கிடைக்கும். மினுக்கத்துக்குப் பூமாலையில் சுற்றும் ஜிகினாச் சரிகையில் இரண்டு இழை. நல்ல தையல் நூல், நகப்பூச்சு ஒரு குப்பி. உப்புநீரில் துருப்பிடிக்காத முள்ளை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள்.

கட்டும் முன் உண்மையான இறால் ஒன்றை வெள்ளைப் பீங்கானில் தண்ணீரூற்றி விட்டுப் பாருங்கள். அது மெதுவாக முன்னால் நடக்கும். பயந்தால் வாலை மடக்கிப் பின்னால் தெறிக்கும். உங்கள் ஃபிளையும் அப்படியே போக வேண்டும்: மிதந்து, நின்று, சட்டென்று ஒரு தெறிப்பு. கொடுவா பெரும்பாலும் அந்த நிற்கும் நொடியில்தான் எடுக்கும்.

7. சாமான் பற்றிச் சுருக்கமாக. ஒன்பது அடி ராடு, எட்டாம் எண் நூல். ரீல் உப்புக்குத் தாங்குவதாக இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஃபிளைக்கு முன்னால் ஒன்றரை அடிக்குத் தடித்த நரம்பு, முப்பது நாற்பது பவுண்டு தாங்குவது, கட்டாயம் வேண்டும். கொடுவாவின் செவுள் மூடியின் விளிம்பு கத்தி. மெல்லிய நரம்பை ஒரே தலையசைப்பில் அறுத்துவிடும். உங்கள் விரலையும் அறுக்கும். செவுளில் கைவைத்துத் தூக்காதீர்கள்.

8. தண்ணீரில் கால் வைக்கும்போது தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள்.

மணலுக்குள் திருக்கை புதைந்து படுத்திருக்கும். மிதித்தால் வாலால் குத்தும். காலை உரசியபடி நகர்ந்தால் முன்கூட்டியே ஓடிவிடும். பாறை, தூண் ஓரங்களில் சிப்பி காலைக் கிழிக்கும். பழைய ஷூவைப் போட்டுக்கொள்ளுங்கள். தூண்டிலில் கெளுத்தி வந்தால், அதிலும் இருங்கெளுத்தி வந்தால், கையால் தொடவே வேண்டாம். முதுகிலும் இரு பக்கத்திலும் இருக்கும் முள் விஷமுள்ளது. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு சூடான வெந்நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வையுங்கள், வலி குறையும். பிறகு மருத்துவரிடம் போங்கள். திருக்கை குத்தினாலும் இதுவே முதலுதவி.

முகத்துவார மணல்திட்டின் விளிம்பில் மட்டும் நிற்காதீர்கள். வற்றத்தின் இழுப்பு அடியிலுள்ள மணலை அரித்துக்கொண்டே இருக்கும். மேலே உறுதியாகத் தெரியும் திட்டு, ஆள் எடைக்குச் சரிந்து ஆளோடு கடலுக்குள் போகும். நீச்சல் தெரிந்தவர்களும் இங்கே உயிர் இழந்திருக்கிறார்கள். இடுப்பளவுக்கு மேல் எங்கும் இறங்க வேண்டாம். தனியாக வர வேண்டாம்.

9. அணுமின் நிலையத்தின் காவல் எல்லைப் பக்கம் தூண்டிலோடு போகாதீர்கள். எல்லை எது என்று உள்ளூர்க்காரர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு வெகுதூரம் இப்பால் நில்லுங்கள். இதில் பேச்சுக்கு இடமில்லை.

10. அந்தத் தண்ணீர் உங்களுக்கு விளையாட்டு, வேறு சிலருக்குச் சோறு. இது எப்போதும் நினைவில் இருக்கட்டும்.

கழியில் கழுத்தளவு நீரில் அமர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களைப் பார்ப்பீர்கள். பிடித்ததைப் பனையோலைப் பறியில் போடுவார்கள். வலையில்லை, தூண்டிலில்லை, விரல்தான் கருவி. இறால் எந்தச் சேற்றில், எந்த நீர்மட்டத்தில் ஒதுங்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த ஃபிளைக்காரருக்கும் தெரியாது. அவர்கள் தடவி வரும் பக்கத்தில் நூல் வீசாதீர்கள், முள் முதுகில் ஏறும். குப்பத்திலிருந்து வீச்சுவலையோடு வரும் அண்ணன் நீங்கள் நிற்கும் இடத்துக்கு வந்தால், நீங்கள் நகருங்கள். "அண்ணே, இன்னைக்கு வத்தம் எப்ப?" என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம் கிடைக்கும்.

11. பெரிய கொடுவாவைத் திருப்பி விடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள்.

கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் முதலில் பருவமடைகிறது. இரண்டு மூன்று கிலோ இருக்கையில் ஆண். மேலும் சில ஆண்டுகள் வளர்ந்து, நாலைந்து கிலோவைத் தாண்டும்போது பெண்ணாக மாறுகிறது. ஆகவே நீங்கள் கையில் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படும் அந்தப் பெரிய மீன், அநேகமாகத் தாய்மீன். முகத்துவாரத்தை ஒட்டிய உப்புநீரில் ஒரு பருவத்தில் அது இடும் முட்டை பல இலட்சம். குஞ்சுகள் ஏற்றத்தோடு கழிக்குள் வந்து, நீங்கள் நிற்கும் அதே வாய்க்கால்களில் வளர்கின்றன. கழியில் இருக்கும் பெரிய மீன்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பிடித்துத் தின்றால், பெண்ணினத்தையே தேர்ந்தெடுத்து அழிக்கிறோம் என்று பொருள். மற்ற மீன்களில் பெரியதைப் பிடித்து வா, சிறியதை விடு என்பார்கள். இந்த மீனுக்கு அந்தச் சட்டம் போதாது. கைநீளத்துக்குக் குறைந்ததையும் விடுங்கள், பெரியதையும் விடுங்கள். இடைப்பட்டதில் வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.

கடைக்கு வரும் கொடுவா எல்லாம் கழியில் பிடித்ததுமல்ல. நமக்கு வடக்கே முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தின் களம் இருக்கிறது. அந்த நிறுவனம் 1997இல் கொடுவாவைப் பொரிப்பகத்திலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்துக் காட்டியது. அதன் பிறகு பொரிப்பகக் குஞ்சைக் கொண்டு கொடுவா வளர்ப்பது இந்தியாவில் சாத்தியமானது. குழம்புக்குக் கொடுவா வேண்டுமென்றால் பண்ணை மீன் வாங்கலாம். கழியின் தாய்மீனுக்கு மாற்று எந்தக் கடையிலும் இல்லை.

விடுவதற்கும் முறை உண்டு. முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு பல்லைக் குறடால் முன்பே நசுக்கி வையுங்கள். முள் சுலபமாகக் கழன்றுவிடும். மீனை மணலில் போடாதீர்கள். கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே பிடித்து, முள்ளைக் கழற்றுங்கள். படம் எடுப்பதானால் நீங்கள் மூச்சை அடக்க முடிகிற நேரத்துக்குள் எடுத்து முடியுங்கள். ஓட்டத்தை நோக்கி முகம் வைத்துத் தாங்கிப் பிடித்திருங்கள். வால் பலமாக உதைக்கும்போது கையை எடுங்கள். நண்பகல் சூட்டில் நீண்ட நேரம் போராடி வந்த மீன் விட்டாலும் பிழைக்காது. பத்து மணிக்குக் கட்டிக்கொண்டு கிளம்பச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

12. அப்படியும் ட்ரவுட் ஆசை போகவில்லையென்றால், நீலகிரிக்குப் போய்வாருங்கள்.

'இந்திய மீன்கள்' பற்றிய பெருநூலை எழுதிய மருத்துவர் பிரான்சிஸ் டே 1860களிலேயே நீலகிரிக்கு ட்ரவுட் கொண்டுவர முயன்றார். வெப்பமண்டலக் கடல்வழியில் முட்டைகளைக் காப்பாற்ற முடியவில்லை. பின்னால் எச்.சி. வில்சன் முயற்சியில் 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. வானவில் ட்ரவுட் நீலகிரி ஓடைகளில் நிலைத்தது. பிறகு மூணாறு மலைகளுக்கும் அந்த மீன் போயிற்று. இலங்கையில் நுவரெலியாவிலும் அதுபோலவே வெள்ளைக்காரத் தோட்டத்துரைகள் காலத்தில் ட்ரவுட் விடப்பட்டது. வானவில் ட்ரவுட் வடஅமெரிக்க மீன். நம் மலையின் சொந்த மீனல்ல. அவலாஞ்சி காட்டுப் பகுதி. மீன்வளத்துறையிடமும் வனத்துறையிடமும் அனுமதி பற்றி விசாரித்து, எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். இங்கே ஓட்டம் நான்கு முறை திரும்பும் நீரில் பழகியவருக்கு, ஒரே திசையில் ஓடும் நீர் எளிதாகவே இருக்கும்.

13. கடைசியாக, நரம்பு.

சிக்கலாகி வெட்டிய நைலான் நரம்பைக் கரையில் போடாதீர்கள். அது மட்காது. கொக்கு, உள்ளான் கால்களில் சுற்றிக்கொள்ளும். பறவை பறக்க முடியாமல் பட்டினியில் சாகும். தடவி மீன் பிடிப்பவர்களின் விரலை அறுக்கும். பாலத்தடியில் இப்போது கிடக்கும் நரம்பில் பெரும்பகுதி நம்மைப்போலப் பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள் போட்டது. மூடியுள்ள சிறு டப்பா ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, உங்களுடையதோடு கண்ணில் படும் மற்றவர்களின் நரம்பையும் எடுத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். தம்பிகளே, தங்கைகளே, மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இதை ஒவ்வொரு முறையும் செய்யுங்கள்.